பலா மரத்தில் ஒட்டிய அறிவித்தல்

மகனே, இதை வாசித்து முடிக்கும்வரை கோபப்படாதே. முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. திங்கட்கிழமை காலை நீ ஹேவாஹெட்டக் காரியாலயத்தில் உன் புதுக் கதிரையில் உட்காரும்போது இந்தக் கடிதம் உன் பையில் இருக்க வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் நீ பத்துத் தடவை "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாய். கடிதத்துக்குக் குறுக்கே நீ பேச முடியாது. உன் அப்பா முற்றத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "புதுசா வேலைக்குப் போற புள்ளகிட்ட இப்ப போய் ஏன் வம்பு இழுக்கிற?" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதை நான் விட்டுப் பல வருடமாகிறது. இன்றைக்கும் கேட்பதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததை நீ மறந்திருப்பாய். உன் வருங்கால மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். கோழிக்கறி நன்றாக வந்திருந்தது, உனக்குப் பேச்சும் நன்றாக வந்தது. காணிப் பொறுப்புள்ள அதிகாரியாகப் போகிறவன் நீ. உன் முதல் கோப்பு மேசையில் காத்திருக்கிறது என்று சொன்னாய். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒன்பது வீடுகள். ஏழு ஏழு பேர்ச் காணியாக அரசாங்கமே காணி உறுதி எழுதிக் கொடுத்து, அந்தக் குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியே வந்து கட்டிய வீடுகள். இப்போது அந்த இடம் ஒரு சுற்றுலா விடுதிக்குப் போகிற பாதைக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் தேவைப்படுகிறதாம். "பிரச்சின கிரச்சின வராதா தம்பி?" என்று உன் மாமனார் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "வராது மாமா. அறிவித்தல தோட்டத்து ஆபீஸ் போர்ட்ல ஒட்டினா போதும். அவங்க விடிஞ்சா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருவாங்க, அந்தப் பக்கம் யாரு வர்றா? ஆட்சேபன போடுற நாளு முடிஞ்ச பொறகு தெரிஞ்சா என்னா செய்ய முடியும்? எல்லாம் சட்டப்படிதான்." எல்லோரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. நான் சமையலறைக்குள் போனேன். கை வழுக்கிவிட்டது என்று நினைத்து நீ துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். கை வழுக்கவில்லை, மகனே. சம்பந்தி வீட்டார் முன்னால் உன் கன்னத்தில் ஒன்று வைக்க முடியாது என்பதால்தான் உள்ளே போனேன்.

ஆனால் அறைவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று இந்த நான்கு நாளும் யோசித்தேன். நீ பெருமையாகச் சொன்ன அந்த வித்தையை உனக்கு முன்னாலேயே செய்து காட்டியவள் நான். உன் அப்பாவுக்குக்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கண்டியில் ஒரு அரசாங்கக் காரியாலயத்தில் காணிப் பிரிவில் இலிகிதர் வேலை, கோப்பு எழுதுகிற வேலை, கிடைத்திருந்தது. எந்தக் காரியாலயம், யார் அதிகாரி என்பதெல்லாம் வேண்டாம். அந்த அதிகாரி செத்துப் போய்விட்டார், நான் சாகவில்லை. நாங்கள் கடுகண்ணாவையில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்தோம். என் அப்பா கண்டியில் புடவைக் கடையில் வேலை செய்தார். அவர் ஹேவாஹெட்ட லயத்தில் பிறந்தவர் என்பது உனக்குத் தெரியும். எழுதிப் போட்டு, எழுதிப் போட்டு, எத்தனையோ விசாரணைக்குப் போய் நின்று, கடைசியில்தான், தோட்டத்து ஆட்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பிரஜாவுரிமை எங்களுக்குக் கிடைத்தது. அந்தச் சான்றிதழை அலுமாரியில் துணிக்கு நடுவில் வைத்திருப்பார். அடிக்கடி எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைப்பார். எனக்கு வேலை கிடைத்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான். "நம்ம ஆளுங்களுக்குக் கவுருமெண்டு வேல கெடைக்கிறதே பெரிசு. என்னா சொன்னாலும் செஞ்சிட்டு, வாய மூடிக்கிட்டு வந்துரு." அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கையெழுத்துப் போட்டது நான்தான்.

கடுகண்ணாவையில் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஹனீபா நானாவின் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ரயில் பாதை வரைக்கும் இறங்கிப் போகிற காணி. அவருடைய வாப்பா வாங்கிய நிலம். தினமும் காலையில் நான் கடைசி ஆளாக ஓடி வருவேன். ஹனீபா நானா கடையை விட்டு இறங்கி வீதியில் நின்று பஸ்ஸை மறித்து, "கொஞ்சம் நிப்பாட்டுங்க, நம்மட தங்கச்சி வாராங்க" என்பார். பின்னேர மழைக்கு என் குடையை அவர் கடையில்தான் வைத்துவிட்டுப் போவேன். பெருநாளைக்கு அவர் மனைவி ஆமினா ராத்தா எங்களுக்கு வட்டிலப்பம் அனுப்புவார். அதைத் தீபாவளிப் பலகாரத்தால் நாங்கள் ஈடுகட்டப் பார்ப்போம், ருசியில் ஒரு வருடமும் ஜெயித்ததில்லை.

அந்தக் காணியைப் பொது நோக்கத்துக்கு எடுப்பதாகக் கோப்பு வந்தது. சந்தைக் கட்டடம் என்று எழுதியிருந்தது. அறிவித்தலைக் காணியில் பார்வைக்குப் படும் இடத்தில் ஒட்ட வேண்டும், ஒட்டியதைக் கண்டேன் என்று ஒரு உத்தியோகத்தர் கையெழுத்துப் போட வேண்டும். அன்றிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் சொந்தக்காரர் ஆட்சேபனை கொடுக்கலாம். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை பகல் போங்கள். பின்பக்கம் ஒரு பெரிய பலா மரம் இருக்கிறதல்லவா, அதில் ஒட்டினால் ரயிலில் போகிற எல்லோருக்கும் தெரியும்" என்று சிரிக்காமல் சொன்னார். வெள்ளிக்கிழமை பகல் என்றால் ஜும்ஆ. கடை பூட்டியிருக்கும், நானா பள்ளிவாசலில் இருப்பார், ராத்தா முன் அறையில் தொழுதுகொண்டிருப்பார். அதிகாரிக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். என்னோடு வந்த பியோன் சிறிசேனாவுக்குத்தான் தெரியாது. கோதுமை மாவில் காய்ச்சிய பசை டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "முன்னுக்கு நல்ல கதவு இருக்குதானே நோனா, இங்க ஏன்?" நான், "சார் சொன்னாரு" என்றேன். மரத்தின் ரயில் பாதைப் பக்கத்தில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில், அவர் ஒட்டினார். நான் மரத்தடியிலேயே கையெழுத்துப் போட்டேன். அன்று பின்னேரம் கடுகண்ணாவையில் எப்படி மழை பெய்யும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மறுநாள் அந்த மரத்தில் ஒரு துண்டுகூட இருந்திருக்காது.

இதுவரை செய்தது பிழை. அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். அந்த நாட்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு காலையும் ஹனீபா நானா எனக்கு பஸ்ஸை நிறுத்தித் தந்தார். ஒவ்வொரு காலையும் நான் ஏறிப் போனேன். அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் கடைக்கும் முன் அறைக்கும் புதுச் சீமெந்துத் தரை போட்டுச் சிவப்புச் சாயம் பூசினார். ஒரு பின்னேரம் நான் குடை எடுக்கப் போனபோது, "காஞ்சிட்டு, செருப்பக் கழட்டிட்டு உள்ளுக்கு வந்து பாருங்க தங்கச்சி" என்று கூப்பிட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், அந்தக் குளிர்ந்த தரையில் நின்று, "நல்லா இருக்கு நானா" என்று சொன்னேன். ஆட்சேபனைக்கு அப்போது இன்னும் ஆறு நாள் இருந்தது. "நானா, அந்தப் பலா மரத்துக்குப் பின்னால" என்று தொடங்கினால் போதும். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பாவின் சான்றிதழ் அலுமாரியில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாட்கள் முடிந்து நில அளவையாளர் சங்கிலியோடு வந்தபோதுதான் அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்தது. காரியாலயத்துக்கு ஓடி வந்தார். வெள்ளைத் தொப்பி, வியர்த்த சேட்டு, கையில் அவருடைய வாப்பாவின் உறுதி. "எனக்கு ஒரு கடுதாசியும் வரல்ல சேர். ஒரு கடுதாசியும் நான் காணல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டி, என்னை அழைத்தார். ஹனீபா நானா என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தெரிந்த ஆள் இருக்கிறதே என்ற நிம்மதி. "தங்கச்சி, ஒட்டினத்த நீங்க கண்டீங்களா?" என்று கேட்டார். நான் "ஆமா நானா" என்றேன். பொய் இல்லை, கண்டேன்தானே. அவர் கோப்பிலிருந்த கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "இந்தப் புள்ள செல்லுறதுண்டா சரியாத்தான் ஈக்கும் சேர்" என்று சொல்லிவிட்டு, உறுதியை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

எத்தனை வருடம் ஆனாலும் அந்த ஒரு வசனத்தை என்னால் விழுங்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

கல்யாணம் வேறு ஊரில், யாரோ உறவினர் வீட்டில் நடந்தது. அவர்கள் அக்குறணைப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டை உடைத்தபோது நான் லீவு போட்டுவிட்டு அறைக்குள் படுத்திருந்தேன். சந்தைக் கட்டடம் வரவே இல்லை. பல வருடம் காடு பிடித்துக் கிடந்தது. பிறகு யாரோ ஒரு பெரிய இடத்து ஆளின், மரம் அறுத்து விற்கிற மரக்காலை அங்கே வந்தது. பொது நோக்கம் எப்போது தனி நோக்கமானது என்று எந்தப் பலகையிலும் எந்த மரத்திலும் ஒரு அறிவித்தலும் ஒட்டப்படவில்லை. அந்தச் சிவப்புத் தரையின் ஒரு துண்டு மட்டும் மரக்குற்றிகளுக்கு நடுவே கொஞ்ச காலம் தெரிந்தது. வேலை நிரந்தரமான பிறகும் நான் பஸ்ஸுக்கு வேறு நிறுத்தத்துக்கு நடந்து போவேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அம்மா, அப்ப அரசாங்கம் பாதையே போடக் கூடாதா? ஆஸ்பத்திரி கட்டக் கூடாதா?" போடட்டும், கட்டட்டும். காணியே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எடுக்கிறவன் சொந்தக்காரனின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், அவன் "முடியாது" என்று சொன்னால் அந்த "முடியாது"வை எழுதிக்கொள்ள வேண்டும், எதற்கென்று சொல்லி எடுத்தானோ அதற்கே பயன்படுத்த வேண்டும். சட்டம் எழுதியவர்கள் ஆட்சேபனைக்கு நாள் கொடுத்தது உன்னைப் போன்ற கெட்டிக்காரர்கள் அதைத் தின்று தீர்ப்பதற்கு இல்லை. காணி எப்படி அவர்களுடைய சொத்தோ, அந்த நாட்களும் அவர்களுடைய சொத்து. நான் ஹனீபா நானாவிடமிருந்து முதலில் எடுத்தது அந்த நாட்களைத்தான். நிலம் பிறகுதான் போனது.

அரசாங்கம் என்று நீ பெரிதாக எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அதற்குள் முப்பத்தைந்து வருடம் இருந்தவள். அரசாங்கம் என்பது ஒரு பசை டின், அதைப் பிடித்திருக்கிற ஒரு கை, "சார் சொன்னாரு" என்கிற ஒரு வாய். மேலே உள்ளவர்களுக்கு எல்லை போடுவதற்கு நீதிமன்றமும் பாராளுமன்றமும் இருக்கலாம். பலா மரத்தடியில் அந்த எல்லையைப் போட அன்றைக்கு என்னைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. நான் போடவில்லை. திங்கட்கிழமை அந்த இடத்தில் நீ நிற்கப் போகிறாய்.

நம்முடைய குண்டசாலை வீட்டின் முன் அறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒன்றும் மாட்டாமல் ஒரு ஆணி இருக்கிறதே, நீ பள்ளிக்கூடப் பையை மாட்டி மாட்டி வளைத்த ஆணி. அது ஏன் அங்கே இருக்கிறது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. என் அப்பா சின்ன வயதில் லயக் காம்பரா சுவரில் முருகன் படம் மாட்ட ஒரு ஆணி அடித்தாராம். சுவர் தோட்டத்துச் சொத்து என்று கணக்கப்பிள்ளை வந்து அதைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினார்கள். பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. தோட்டத்துத் துரை போனார், வேறு துரை வந்தார், ஆணிச் சட்டம் அப்படியே இருந்தது. நானும் உன் அப்பாவும் இந்தப் பதினொரு பேர்ச் காணியை வாங்கி வீடு கட்டி, பூச்சு காய்ந்த அன்று, என் அப்பா சுத்தியலை எடுத்து அந்த ஆணியை அடித்தார். "என்னத்த மாட்டப் போறீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. சும்மாதான். ஒரு பய கேக்க முடியாதுல்ல?" என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை ஹனீபா நானாவின் வீட்டிலிருந்து நான் பறித்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக உறைத்தது. அந்த ஒன்பது வீட்டிலும் ஆணி அடித்திருப்பார்கள். அவர்களில் யாராவது உன் கொள்ளுத்தாத்தா இருந்த லயத்துக்காரராகவும் இருக்கலாம்.

அந்தக் கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரம் நான் அக்குறணைக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஹனீபா நானா மௌத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆமினா ராத்தா என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். "அவரு கடசி மட்டும் செல்லுவாரு, பொழ என்ட பக்கந்தான் ஆமினா, நாந்தான் பின்னுக்குப் போய்ப் பாத்தீக்கணும், அந்தப் புள்ள கண்டீக்கி, எனக்குக் காணக் கெடைக்கல்லண்டு" என்றார். அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பலா மரம், சிவப்புத் தரை, ஆறு நாள், எல்லாவற்றையும். ஆமினா ராத்தா என் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார். "அத அவரு உசிரோட ஈக்கக்குள்ள வந்து செல்லீக்கலாமே, தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். நான் வெளியே வந்து எந்த பஸ்ஸில் ஏறினேன் என்றுகூட நினைவில்லை.

உன் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை என்று எனக்குத் தெரியும். மேலிடத்து ஆள் முகத்தைச் சுளிப்பார், கல்யாணமும் நெருங்குகிறது, மாமனார் வீட்டில் உன் உத்தியோகத்துக்கு இருக்கிற மரியாதையும் எனக்குத் தெரியும். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாக உனக்கு யாரும் சொல்ல முடியாது. அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன், சுலபம் என்று நினைத்துக் கேட்கவில்லை. பலகையில் ஒட்டுவதை ஒட்டிக்கொள். ஆனால் ஒன்பது வீட்டுக்கும் நீயே போ. அவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்து கைகால் கழுவிய பிறகு போ. தமிழில் வாசித்துக் காட்டு. எதற்காக எடுக்கிறார்கள், எந்த நாளுக்குள் மறுப்பு எழுத வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல். அவர்கள் உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள், அது உன் சம்பளத்தில் சேர்ந்ததுதான். பிறகு விசாரணையில் அவர்கள் தோற்றால் தோற்கட்டும், ஜெயித்தால் ஜெயிக்கட்டும். அவர்கள் வாய் திறந்து சொல்லிய பிறகு தோற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனேன் என்று சொன்னேனே, அதுதான் கடைசித் தடவை. நீ செய்வாய் என்று நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. உனக்குத் திங்களும் செவ்வாயும் தருகிறேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் நான் ஹேவாஹெட்டவுக்கு வருகிறேன். உன் காரியாலயத்துக்கு வர மாட்டேன், பயப்படாதே. நேராக மேலே ஏறி அந்த ஒன்பது கதவையும் தட்டுவேன். "உங்க மகன்தானுங்களா? முந்தாநாளே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனாருங்களே" என்று முதல் வீட்டில் சொன்னால், அங்கேயே உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, உன்னைப் பெற்றதற்காக என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அப்படிச் சொல்லாவிட்டால், நான் சொல்லுவேன். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆட்சேபனையை நானே எழுதிக் கொடுப்பேன், இலிகிதர் வேலை பார்த்த கை இன்னும் நடுங்கவில்லை. ஒன்பது கடிதமும் உன் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொன்றின் அடியிலும், சாட்சி என்று போட்ட இடத்தில், உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் வருடம் வருடமாக நீ பார்த்த கையெழுத்து இருக்கும். உன் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் கண்டீர்களா?" என்று கேட்டால் போய் நிற்பேன். பலகையில் ஒட்டியதை மட்டும் கண்டேன் என்று சொல்ல மாட்டேன். எந்த நேரத்தில், யாருக்குத் தெரியாத இடத்தில், எவன் ஒட்டினான் என்பதையும் சொல்லுவேன். அவன் என் மகன் என்பதையும் சொல்லுவேன்.

அம்மா